கூடாரத்துக்குப் பணம் கட்டுமுன்

2018 ஏப்ரலில் சென்னைப் பள்ளி ஒன்றிலிருந்து கோடை முகாமுக்காகப் புனே பக்கம் வந்த மாணவர்களில் மூன்று பேர், முல்ஷி வட்டத்தில் அணை நீரில் மூழ்கி இறந்தார்கள். அது கோடை. டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கத்து நீர்நிலைகளின் கரையில்தான் இன்று வரிசை வரிசையாகக் கூடாரங்கள். பவனா அணை, முல்ஷி, காம்ஷேத் என்று, புனேயின் ஹிஞ்சவடி, கட்கி, தேஹுரோடு பகுதித் தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசி, நான்கைந்து கார்களில் பிள்ளைகளோடு கிளம்பிவிடுகிறார்கள். மழை ஓய்ந்துவிட்டதே, இனி என்ன பயம் என்ற நினைப்பு. உண்மையில் பருவமழையில் நிரம்பிய அணைகளில் இன்னும் நிறையத் தண்ணீர் நிற்கும் காலம் இது. கரையோரம் சேறு, இரண்டடி தள்ளினால் திடீர்ப் பள்ளம். அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்கு இது தெரியாது.

கூட்டமாகப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. இருபது பெரியவர்கள் இருந்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருபது பேரும் நினைப்பார்கள். தண்ணீர்ப் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி முறை வைத்துக்கொள்ளுங்கள். முறையில் இருப்பவர் கையில் போனும் கூடாது, மதுவும் கூடாது. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளையை ஏற்றாதீர்கள், படகுக்காரர் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும்.

தண்ணீரையாவது கண்ணால் பார்க்க முடியும். குளிர்கால முகாமில் அதைவிட மோசமான எதிரி ஒன்று உண்டு: அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புனே நகரத்துக்குள்ளேயே இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ஏரிக்கரையில் குளிர் இன்னும் கூடுதலாக உறைக்கும். பார்பிக்யூ முடிந்த கரி அடுப்பில் கொஞ்சம் கனல் மிச்சம் இருக்கும். பாவம், பிள்ளைகள் நடுங்குகிறார்களே என்று யாராவது அதைக் கூடாரத்துக்குள் இழுத்து வைத்து ஜிப்பை மூடுவார்கள். புகையே இல்லாத கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம். பார்ப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றும். தூங்கும் குழந்தை அந்த அறிகுறியைக்கூடச் சொல்லாது.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குப் போன பதினைந்து பேர் கொண்ட குழு, தாமன் என்ற மலையூர் விடுதியில் தங்கியது. ஒரே அறையில் எரிவாயு ஹீட்டரைப் போட்டு, கதவு ஜன்னலை அடைத்துப் படுத்த எட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். 2024-இல் கொடைக்கானலில் இரண்டு இளைஞர்கள் கரி அடுப்புப் புகையால் இறந்தார்கள். ஆகவே கூடாரத்துக்குள் கரியும் கூடாது, ஹீட்டரும் கூடாது, மூடிய காருக்குள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. குளிருக்கு இன்னொரு கம்பளி போதும். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளியே தூக்கி வாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.

முகாம் புனே மாவட்டத்தின் ஜுன்னர், ஷிரூர், ஆம்பேகாவ் வட்டங்களில் என்றால் இன்னொரு எச்சரிக்கை: அங்கே கரும்பு வெட்டும் காலத்தில் சிறுத்தை நடமாட்டம் அதிகம்; இருட்டிய பின் பிள்ளைகளைத் தனியே கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். அறிமுகமில்லாத பெரியவர்களோடு ஒரே கூடாரத்தில் படுக்க வைப்பதும் வேண்டாம். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம்.

இனி உரிமைக்கு வருவோம். பணம் வாங்கிக்கொண்டு தங்குமிடமும் சாப்பாடும் தருபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவை வழங்குபவர். நண்பர் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. சேவையைப் பெற்ற உங்கள் பிள்ளையும் நுகர்வோரே, அவர் சார்பில் நீங்கள் புகார் தரலாம். ஆனால் இலவச சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது. லாபமில்லாமல் ஏற்பாடு செய்த நண்பர்மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது. இடத்தை நடத்துபவர்மீது போடலாம். அந்த ‘நடத்துபவர்’ யார் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இன்ஸ்டாகிராமில் அழகான படம் போட்டு முன்பணம் வாங்குபவர் பெரும்பாலும் தரகர். நிலம் ஒருவருடையது, கூடாரம் இன்னொருவருடையது.

‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று தளர வேண்டாம். அலட்சியத்துக்கு அந்தத் தாள் உரிமம் ஆகாது. 1995-இல் பள்ளிச் சுற்றுலாவில் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கிய வழக்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதிசெய்தது. இன்னொரு வழக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2006 டிசம்பரில் பெங்களூருவிலிருந்து வடஇந்தியச் சுற்றுலா போன 14 வயது மாணவிக்கு வழியில் காய்ச்சல். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் மூளைக் காய்ச்சலாகி, நினைவிழந்து படுக்கையோடு முடங்கினார். தேசிய நுகர்வோர் ஆணையம் குறைத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2021-இல் பழையபடி சுமார் 88 லட்சத்து 73 ஆயிரம் ரூபாயாக மீட்டுத் தந்தது. விபத்து மட்டுமல்ல, மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்ததும் சேவைக் குறைபாடுதான்.

புகார் என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் இருந்த இடத்திலிருந்தே பதிவு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. புனேயில் நடந்ததற்கு, நீங்கள் வசிக்கும் சென்னையிலோ மதுரையிலோகூட வழக்குத் தொடரலாம். இதற்கெல்லாம் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இடத்தின் புகைப்படம் வேண்டும். உயிரிழப்பு என்றால் போலீஸ் புகார் தனி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள் சுற்றுலா இயக்குநரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு 2021 ஆகஸ்டில் கொள்கை வெளியிட்டிருக்கிறது. படகு, ஜிப்லைன் என்று சேர்த்து விற்பவரிடம் அந்தச் சான்றைக் கேளுங்கள். நடத்துபவரின் முழுப் பெயர், முகவரி, பக்கத்து மருத்துவமனை, இரவில் பொறுப்பில் இருப்பவரின் எண் ஆகியவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.