தொழுவத்திலிருந்து அடுப்புக்கு

உயிரியல், எரிபொருள், சுற்றுச்சூழல் என்று பள்ளிப் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து வைத்திருக்கும் மூன்றும் ஒரே இடத்தில் கூடி வேலை செய்வதைக் காண விரும்புவோர், சாண எரிவாயுக் கலன் ஒன்றைப் பார்த்தால் போதும். மாட்டுச் சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து, காற்றுப் புகாத குழியில் அடைத்து, அங்கே உண்டாகும் வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுவரும் எளிய ஏற்பாடு இது. அந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடும் சிறிதளவு உண்டு. பின்னாளில் மின்கலத்தை உருவாக்கிய இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மஜோரே ஏரிக் கரையோரச் சேற்றிலிருந்து மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவை தீப்பற்றி எரிவதை 1776இல் கண்டறிந்தார். அந்தச் சதுப்புநில வாயுவும் மீத்தேன்தான்.

குழிக்குள் நடப்பது காற்றில்லா நொதித்தல் எனப்படும். மாடு செரிக்காமல் விட்ட நார்ப்பொருளை ஒருவகை நுண்ணுயிர்கள் சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளாக உடைக்க, வேறு சில அவற்றை அமிலங்களாக மாற்ற, இறுதியில் அசெட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் உண்டு மீத்தேனை வெளியிடும் உயிர்கள் வேலையை முடிக்கின்றன. பாக்டீரியாக்களைப் போலத் தோன்றினாலும் அவை ஆர்க்கியா என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தவை என்பது 1977இல்தான் தெளிவாயிற்று. ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும் இவ்வுயிர்கள் மாட்டின் முதல் இரைப்பையிலேயே வாழ்கின்றன. ஆகவே சாணம் தனக்கு வேண்டிய விதையைத் தானே சுமந்து வருகிறது.

காற்றை ஏன் விலக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடையிலேயே இந்த நுட்பத்தின் அடிப்படை இருக்கிறது. திறந்த எருக்குவியலில் ஆக்சிஜன் கிடைப்பதால், நுண்ணுயிர்கள் சாணத்திலுள்ள கரிமப் பொருளை பெருமளவு சிதைத்து அதன் ஆற்றலை வெப்பமாக வெளிவிடுகின்றன; மட்கும் குவியலுக்குள் கையை விட்டால் சுடுவது இதனால்தான். ஆக்சிஜன் இல்லாத குழியில் அவை அந்த ஆற்றலில் மிகச் சிறு பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும். எஞ்சியது மீத்தேன் மூலக்கூறின் பிணைப்புகளில் அப்படியே தங்கி, அடுப்பில் ஆக்சிஜனைச் சந்திக்கும்போது நீலச் சுடராக வெளிப்படுகிறது.

இந்தியாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜஷ்பாய் படேல் வடிவமைத்த, வாயு சேரச் சேர இரும்பு மூடி மேலெழும் மிதக்கும் கொப்பரைக் கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு பரப்பியது. 1984இல் வந்த தீனபந்து வடிவம் இரும்பைத் தவிர்த்துச் செங்கல் குவிமாடத்தால் செலவைக் குறைத்தது. நாள்தோறும் 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குச் சுமார் 50 கிலோ சாணம் தேவை. நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு இது எட்டக்கூடியதே. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது விளைச்சல் நன்றாக இருக்கும் என்பதால் தமிழகச் சமவெளிக்கு இது பொருத்தமானது. மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் வாயு வெகுவாகக் குறையும்.

சாணத்தை வரட்டியாகத் தட்டி எரிப்பது கண்ணையும் நுரையீரலையும் கெடுப்பதோடு நிலத்துக்கும் இழப்பாகும். அதிலுள்ள நைட்ரஜன் புகையோடு போய்விட, சாம்பல் மட்டுமே மிஞ்சும். கலனிலிருந்து வாயுவாக வெளியேறுபவை பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவையே; பயிர் வேண்டும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் வெளிவரும் கரைசலில் தங்கி வயலுக்குத் திரும்புகின்றன. ஒரே சாணம் எரிபொருளாகவும் எருவாகவும் பயன்படுவதை விட ஓர் உழவர் குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்? அடுப்பில் எரிந்து வெளியாகும் கரியமில வாயுவும், பல கோடி ஆண்டுகள் புதைந்திருந்த நிலக்கரியிலிருந்து வருவதைப் போன்றதன்று. அண்மையில் புல் காற்றிலிருந்து எடுத்த கார்பனே மீண்டும் காற்றுக்குச் செல்கிறது.

ஆயினும் எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் என்பதால், கசியும் கலன் நன்மையைத் தீமையாக்கிவிடும். கட்டப்பட்ட கலன்கள் சில பயனற்றுப் போவதற்குக் கட்டுமானக் குறையைப் போலவே பராமரிப்புக் குறைவும் காரணம். உயிர்களால் இயங்கும் ஒன்றை வெறும் தொட்டியாகக் கருதியதே இதன் வேர். கலன் வைத்திருப்போர் நாள் தவறாமல் சாணம் கரைத்து ஊற்ற வேண்டும்; தொழுவம் கழுவிய பினாயில் நீரும் சோப்பு நீரும் குழிக்குள் போகாமல் தடுக்க வேண்டும்; குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்பதை நெருப்பு காட்டிப் பாராமல், சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தே அறிய வேண்டும்.