கறுத்துப்போன செவ்வரளி

கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் பிடித்துச் சலித்துப் பழைய பெட்டிக் காமிராவுக்கே திரும்பிய நான், பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது, பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் ஜருகுமலை தலைகீழாகத் தொங்கிற்று. நேர்கோட்டில் செல்லும் ஒளி லென்ஸைக் கடக்கையில் மேலது கீழாகவும் கீழது மேலாகவும் மாறுவதே இதற்குக் காரணம். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தோல் துருத்தியை நீட்டியும் சுருக்கியும் பிம்பத்தைத் தெளிவாக்கிய பின், கண்ணாடிக்கு முன்னே பிலிம் தாங்கியைச் செருகி, அதன் மறைப்பை உருவ வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரே தாள். ஆனால் 4 அங்குலத்துக்கு 5 அங்குலமுள்ள அத்தாளின் பரப்பு, சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு படத்தைப்போல் ஏறக்குறைய 15 மடங்காகையால், எவ்வளவு பெரிதாக்கினாலும் பனையோலையின் நரம்புகூடக் குலையாது.

உதகமண்டலத்தில் ‘இந்து’ பிலிம் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. சீமைச் சரக்கோ யானை விலை. ஆகவே எக்ஸ்ரே பிலிமை வாங்கிச் சிவப்பு விளக்கொளியில் வெட்டிக்கொள்கிறேன். இருபுறமும் மருந்து பூசிய அதில் நகம் பட்டாலே கீறல் விழும். நீலமும் பச்சையும் உறைக்கும் அந்தப் பிலிமுக்குச் சிவப்பு என்பது இருளேயாதலால், செக்கச் சிவந்த அரளி நெகடிவில் வெள்ளி படியாமல் வெறுமையாக நின்று, காகிதத்தில் கரியாக விழுந்தது. தோட்டக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஏனுங்க, இது எங்க தோட்டந்தானுங்களா?” என்றார்.

இந்தக் குருட்டுத்தனம் நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், 12 அங்குலத்துக்கு 15 அங்குலமான மெழுகுக் காகித நெகடிவ்களோடு இங்கே சஞ்சரித்து எடுத்த படங்கள், ராயக்கோட்டை முதலிய அன்றைய சேலம் ஜில்லா இடங்களின் தொகுதியாக 1858இல் சென்னையில் வெளிவந்தன. அக்காகிதம் பெரும்பாலும் நீலத்துக்கே வசப்படுவதாகையால் வானம் வெளுத்துப்போகும். டிரைப்போ நெகடிவிலேயே வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்குவார். என் ஜருகுமலைக்கு மேலும் வானம் வெறும் வெள்ளைதான். மேகம் தீட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை.