காய்ச்சல் தணிந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்!

மெஸ் சாப்பாட்டையும் தெருவோரத் தண்ணீரையும் நம்பி வாழும் வெளியூர்த் தொழிலாளர்களையும் குமாஸ்தாக்களையும் மழைக்காலத்தில் வாட்டும் நோய்களில் ஒன்று டைபாய்டு. 'சால்மொனெல்லா டைபி' என்னும் கிருமி அசுத்தமான நீர், உணவு மூலம் குடலில் புகுந்து, பின்பு ரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சல் தொடங்கி, நாளுக்கு நாள் ஏறும். தலைவலி, வயிற்றுவலி, பசியின்மையும் சேரும்.

லீவு போட்டால் சம்பளம் போகுமே என்று, கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். இங்கேதான் ஆபத்து. ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'பிளட் கல்ச்சர்' சோதனை, முதல் வாரத்தில் நோயை நன்கு காட்டும். அதற்கு முன்பே ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டுவிட்டால் கிருமி அகப்படாமல் போகலாம். 1896-ல் வந்த 'வைடால்' சோதனைக்குச் செலவு குறைவு. ஆனால் முன்பு வந்துபோன டைபாய்டும், வேறு காய்ச்சலும்கூட அதைக் குழப்பிவிடும்.

சரியான மருந்து கொடுத்தால் சில நாட்களில் காய்ச்சல் தணியும். உடனே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ரத்தக்கசிவும் ஓட்டையும் ஏற்படலாம். குணமானவர்களிலும் சிலர் பித்தப்பையில் கிருமியைச் சுமந்து பிறருக்குப் பரப்புவதுண்டு. இத்தகையோர் சமையல் வேலை செய்தால் மெஸ் முழுவதற்கும் ஆபத்து.

கொதித்து ஆறிய நீர், சூடான உணவு, சோப்பிட்டுக் கழுவிய கை ஆகிய மூன்றும் நோயைத் தடுக்கும். தடுப்பூசியும் உண்டு. மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லையா? சம்பளத்தை எண்ணாமல் டாக்டரிடம் செல்லுங்கள். அவர் சொன்ன நாள் வரை மருந்தைச் சாப்பிடுங்கள்.