கிடாருக்குத் திரும்பிய ‘ரஷ்’

கனடாவின் டொராண்டோ நகரில் 1968-இல் தொடங்கிய ‘ரஷ்’, புரோகிரஸிவ் ராக் இசையின் மூத்த குழுக்களில் ஒன்று. இவ்வகை இசையில் பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்தாக வேண்டியதில்லை. தாளக்கட்டு நடுவழியில் மாறும். ஒரே பாட்டு ஒரு முழுக்கதையைச் சொல்லும். இக்குழுவின் ‘2112’ (1976) ஆல்பத்தில் தலைப்புப் பாட்டு மட்டும் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, ஏறத்தாழ 20 நிமிடம் ஓடுகிறது.

அக்காலத்தில் குழுவில் மூன்றே பேர். பாட்டும் பேஸ் கிடாரும் கெடி லீ. கிடார் அலெக்ஸ் லைஃப்சன். ட்ரம்ஸ் நீல் பியர்ட். பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் இடையே உள்ள வெளியை நிரப்புவது கிடாரின் பொறுப்பாக இருந்தது. ‘சிக்னல்ஸ்’ (1982) ஆல்பத்திலிருந்து அந்த இடத்தைச் சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு பிடித்துக்கொண்டது. மேடையில் கெடி லீ பாடிக்கொண்டே கையால் கீபோர்டும் காலால் பெடலும் இயக்கினார். ‘ஹோல்ட் யுவர் ஃபயர்’ (1987) வரை இந்தப் போக்கு நீடித்தது.

கீபோர்டும் கிடாரும் பெரும்பாலும் ஒரே ஸ்தாயியில் ஒலிப்பவை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வீணை எடுபடாதது போல, நீண்டு நிற்கும் சின்தசைசர் ஒலியில் கிடார் அமுங்கிவிடும். எனவே லைஃப்சன் கிடைத்த இடைவெளிகளில் மெல்லிய துணுக்குகளாக வாசிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குறையைப் பின்னாளில் பேட்டிகளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

கிடாருக்குத் திரும்பும் பயணம் படிப்படியாக நடந்தது. ‘பிரஸ்டோ’ (1989) சின்தசைசரைக் குறைத்தது. ‘கவுண்டர்பார்ட்ஸ்’ (1993) கனத்த கிடாரை முன்னுக்குக் கொண்டுவந்து, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம் பெற்றது. 1997-இல் மகளையும் மறு ஆண்டே மனைவியையும் பியர்ட் இழந்தார். குழு சில ஆண்டுகள் மௌனமானது.

அந்த மௌனம் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ (2002) ஆல்பத்தில் கலைந்தது. அதில் கீபோர்டு அறவே இல்லை. 1975-க்குப் பின் அப்படியோர் ஆல்பத்தை ரஷ் வெளியிட்டதில்லை. கீபோர்டு இருந்த இடத்தை அடுக்கடுக்கான கிடார் ஒலிகள் நிரப்பின. ஆனால் ஒலியளவை மிதமிஞ்சி உயர்த்தியதால் நுணுக்கங்கள் மங்கின, ரசிகர்கள் குறைப்பட்டனர். பாட்டுகளின் ஒலிக்கலவையைத் திருத்தி 2013-இல் மறுவெளியீடு செய்தார்கள்.

கடைசி ஆல்பமான ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’ (2012) வந்தபோது கீபோர்டும் வயலின் குழுவும் சேர்ந்திருந்தன. ஆனால் இரண்டும் கிடாருக்குப் பக்கவாத்தியங்களாகவே ஒலித்தன.