நைட் டியூட்டி முடிஞ்சு 50 கேள்வி... விம்கோ நகர்ல இருந்து 'என்க்ளெக்ஸ்' எழுதுறது எப்படி?

காலை எட்டரை மணி. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன்ல ஊரே வேலைக்குக் கிளம்பி ஏறிட்டு இருக்கும்போது, சிலர் மட்டும் எதிர்ப்பக்கமா இறங்கி வருவாங்க. தோள்ல பை, கையில காலி டிபன் பாக்ஸ், தூக்கம் சொக்குற கண்ணு. நைட் டியூட்டி முடிச்ச நர்ஸுகள். ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., சிட்டிக்குள்ள இருக்கிற தனியார் மருத்துவமனைகள்னு வேலை பார்க்கிற இடம் வேறவேற. ஆனா, அவங்கள்ல சிலரோட போன்ல ரீல்ஸ் ஓடாது. கேள்வி-பதில் ஆப் ஓடும்.

'நர்ஸ் பிராக்டிஷனர் எக்ஸாமுக்குப் படிக்கிறேன்' என்று இவர்களில் சிலர் சொல்வதுண்டு. அங்கேயே ஒரு குழப்பம் இருக்கு. அதைத் தீர்த்துக்காம கோச்சிங் சென்டர்ல பணம் கட்டினா, போறது காசு மட்டும் இல்ல, ரெண்டு மூணு வருஷமும் சேர்ந்துதான்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயாளியைப் பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவு செய்து, மருந்தும் எழுதித்தரும் அளவுக்குக் கூடுதலாகப் படித்த நர்ஸ். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தைகள் மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்த படிப்பு இது. இன்றைக்கு அங்கே ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் ஆக, ரெண்டு அமைப்புகளில் ஏதாவது ஒன்றின் சான்றிதழ்த் தேர்வை எழுதணும். ஏ.ஏ.என்.பி.சி.பி. நடத்துவதில் 150 கேள்வி, மூணு மணி நேரம். ஏ.என்.சி.சி. நடத்துவதில் 175 கேள்வி, மூன்றரை மணி நேரம். ஆனா, அங்கே அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்போ, அதுக்கு மேலயோ முடிச்சவங்கதான் இதுல உட்கார முடியும். இங்கே பி.எஸ்சி நர்ஸிங் முடிச்சுட்டு நேரா எழுத முடியாது.

நம்ம ஊர்லயும் இந்தப் பெயரில் படிப்பு இருக்கு. 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் கொண்டுவந்த ரெண்டு வருஷ எம்.எஸ்சி. பி.எஸ்சி நர்ஸிங்கும், குறைந்தது ஒரு வருஷ வார்டு அனுபவமும் வேணும். வகுப்பறையை விட ஐ.சி.யூ-வில்தான் அதிக நேரம். நல்ல படிப்பு. ஆனா, முடிச்சதும் எல்லா மருத்துவமனையிலும் அந்தப் பெயரில் ஒரு பதவி காத்திருக்கும்னு நினைச்சுடாதீங்க. சேரும் முன்னாடி, 'படிச்சு முடிச்சவங்க இப்போ எங்கே, என்ன பதவியில இருக்காங்க?' என்று அந்தக் கல்லூரியிலேயே கேட்டுடுங்க. கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை அது.

அப்போ அமெரிக்கக் கனவுக்கு முதல் வாசல் எது? என்க்ளெக்ஸ்-ஆர்.என். அங்கே ரெஜிஸ்டர்டு நர்ஸாக லைசென்ஸ் வாங்கும் தேர்வு. நர்ஸ் பிராக்டிஷனர் ஆகணும்னாலும் முதல்ல இதைத் தாண்டித்தான் போகணும். இதைச் சென்னையிலேயே எழுதலாம் என்பதால்தான் இவ்வளவு பேர் படிக்கிறாங்க.

85-ல் நிற்குமா, 150 வரை போகுமா?

இது நம்ம ஊர் பரீட்சை மாதிரி எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் இல்லை. நீங்க சொல்ற பதிலைப் பார்த்து கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். சரியா சொன்னா கொஞ்சம் கஷ்டமானது வரும்; தப்பா சொன்னா கொஞ்சம் இறங்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். நீங்க பாஸ் கோட்டுக்கு மேலேயா, கீழேயா என்று 95 சதவிகிதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நின்றுவிடும். அதனால 85-ல் நின்னா பாஸ், 150 வரை போனா ஃபெயில் என்ற ஹாஸ்டல் கதைகளை நம்பாதீங்க. ரெண்டு இடத்திலும் ரெண்டுமே நடக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும்போது 'ரொம்பக் கஷ்டமா இருக்கே' என்று தோணுவது கெட்ட சகுனமும் இல்லை.

2023 ஏப்ரல்ல இருந்து பேட்டர்ன் மாறியிருக்கு. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைக் காட்டி, வரிசையா ஆறு கேள்வி கேட்பாங்க. கவனிக்க வேண்டிய அறிகுறி எது, அதுக்கு என்ன அர்த்தம், எது முதல்ல முக்கியம், என்ன செய்யப்போறீங்க, செஞ்ச பிறகு ஆள் தேறினாரா... இப்படிப் போகும். பாதி சரியா இருந்தாலும் பாதி மார்க் உண்டு என்பது ஆறுதல்.

அறிவு இருக்கு, பழக்கம்தான் மாறணும்

நம்ம நர்ஸுகளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. வார்டுல ஓடி ஓடி வந்த பழக்கம்தான் இந்தத் தேர்வில் காலை வாரும். ஒரு கேள்வியைப் பாருங்க.

டியூட்டி ஏத்துக்கிட்டீங்க. நாலு நோயாளிகள். முதலாமவர், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள், வலி பத்துக்கு ஆறு என்கிறார். ரெண்டாமவர், ரொம்ப நாள் சி.ஓ.பி.டி. உள்ளவர், ஆக்சிஜன் அளவு 90. மூணாமவர், சர்க்கரை 240. நாலாமவர், தைராய்டு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மணி நேரம். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருது. யாரை முதல்ல பார்ப்பீங்க?

நிறைய பேர் 90 என்ற நம்பரைப் பார்த்ததும் சி.ஓ.பி.டி. நோயாளியிடம் ஓடுவாங்க. ஆனா, அந்த நோய் உள்ளவங்களுக்கு 88-லிருந்து 92 வரை என்பதே பொதுவான இலக்கு. அவர் வழக்கம்போலத்தான் இருக்கார். கழுத்துல ஆபரேஷன் ஆனவருக்கு வர்ற கீச் சத்தம், மூச்சுப்பாதை அடைபடுது என்பதற்கான எச்சரிக்கை. பதில் அவர்தான். நம்பரைப் பார்க்காதே, இப்போ யாருக்கு உயிர் ஆபத்து என்று பார். பாதி என்க்ளெக்ஸ் இந்த ஒரு விஷயம்தான்.

இன்னொன்று. ரத்தம் ஏத்த ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வருது. முதல்ல என்ன செய்வீங்க? 'டாக்டருக்கு போன் பண்ணுவேன்' என்பதும் ஒரு ஆப்ஷனா இருக்கும். கை அங்கேதான் போகும், ஏன்னா நமக்கு அப்படித்தான் பழக்கியிருக்காங்க. சரியான பதில், முதல்ல ரத்தத்தை நிறுத்தறது. அப்புறம் புது டியூப்ல நார்மல் சலைன், அப்புறம்தான் போன். நர்ஸ் தானே செய்யக்கூடிய உடனடிக் காரியம் ஒன்று ஆப்ஷன்ல இருக்கும்போது, போனை முதல்ல எடுக்கக்கூடாது.

குடும்ப விஷயத்திலும் இதே மாற்றம் வேணும். இங்கே நோயாளியை விட அண்ணன்கிட்டயும் மாமாகிட்டயும்தான் முதல்ல பேசுவோம். 'அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்' என்று மகன் கெஞ்சினா தலையாட்டுவோம். அந்தத் தேர்வில் முடிவெடுப்பவர் நோயாளி மட்டும்தான். அதேபோல, நம்ம வார்டுல ஆயாம்மா செய்யாத வேலையே இல்லை. அங்கே உதவியாளரிடம் குளிப்பாட்டுவதை, நடக்க வைப்பதை ஒப்படைக்கலாம். நிலைமையை மதிப்பிடுவதையும், நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதையும் ஒப்படைக்கக்கூடாது.

மருந்துப் பெயர்கள் தனிக் கதை. பிராண்டு பெயர் வராது, அதனால 'டோலோ' மறந்துடுங்க. பாராசிட்டமாலே அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெப்பெரிடின். எடையைப் பவுண்டில் கொடுத்தா 2.2-ஆல் வகுத்து கிலோ ஆக்கணும். ஒரு பக்கத்துல எழுதி பீரோ கதவுல ஒட்டிட்டா ரெண்டு வாரத்துல மனசுல நின்னுடும்.

எப்போ படிக்கிறது?

நைட் முடிச்சுட்டு வந்து உடனே புத்தகத்தைத் திறக்காதீங்க. அப்போ படிக்கிறது எதுவும் மண்டையில ஏறாது. தூங்கி எழுந்து, சாயங்காலம் 50 கேள்வி, நேரம் வச்சுப் போடுங்க. அதைவிட அதிக நேரம், ஒவ்வொரு பதிலும் ஏன் சரி, மற்ற மூணும் ஏன் தப்பு என்று படிக்கச் செலவாகணும். எண்ணூர் ஹைவேயில கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சிட்டேதான் இருக்கும். வீட்ல டிவி ஓடும். சென்ட்ரல் வரைக்கும் மெட்ரோவுல கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஏ.சி-யில கிடைக்குதே, அதுல பத்து கேள்வி முடிச்சுடலாம். தப்பானதை மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க. கடைசி ரெண்டு வாரம் அந்த நோட்டு ஒன்றே போதும்.

காசும் காத்திருப்பும்

பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்குக் கூடுதலாக 150. ரெண்டும் சேர்ந்தாலே 30,000 ரூபாயைத் தொடும். ஃபெயிலானா 45 நாள் காத்திருந்து, மறுபடியும் முழுசா கட்டணும். இதுக்கு முன்னாடியே சர்டிபிகேட் சரிபார்ப்பு, எந்த மாகாண போர்டுல விண்ணப்பிக்கிறீங்களோ அதன் கட்டணம், சாந்தோம்ல இருக்கிற தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலுக்கு அலைச்சல் எல்லாம் இருக்கு. காகித வேலைக்கே மாசக்கணக்கா ஆகும், அதனால படிக்க ஆரம்பிக்கும் அன்னைக்கே அதையும் ஆரம்பிச்சுடுங்க.

ஏஜென்ட்டுகள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் விசா வரிசை. நர்ஸுகள் பெரும்பாலும் போவது இ.பி-3 என்ற கிரீன் கார்டு பிரிவில். இந்தியாவுல பிறந்தவங்களுக்கு அந்த வரிசை பத்து வருஷத்துக்கும் மேலே பின்தங்கிக் கிடக்கு. 'பாஸ் பண்ணினா ஒரே வருஷத்துல ஃபிளைட்' என்று யாராவது சொன்னா, எந்த விசா என்று எழுதிக் கேளுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீங்க. அம்மாவோட நகையை அடகு வச்சு முன்பணம் கட்டவும் வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்புது. அங்கே என்ன அறிவிப்பு இருக்குன்னு பார்த்துட்டு அடுத்த அடி வைங்க.

அப்போ இவ்வளவு பாடுபட்டு எதுக்கு எழுதணும்? இதே தேர்வைத்தான் 2015-லிருந்து கனடாவும் ஏத்துக்குது. 2020-லிருந்து ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டு நர்ஸுகளுக்கு இதை ஒரு கட்டமா வச்சிருக்கு. அதுக்கப்புறம் அங்கே நேர்ல ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு. அமெரிக்க வரிசை நகராட்டியும், ஒரே படிப்பு இன்னும் ரெண்டு நாட்டுக்கு உதவும். ஆனா, எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கிறோம்னு பணம் கட்டும் முன்னாடியே முடிவு பண்ணணும். பாடம் ஒன்றுதான் என்றாலும், ஃபைல் ஒவ்வொரு நாட்டுக்கும் வேற.