சீட்டைப் பார்க்காமலே ஜெயித்த 18 வயதுப் பெண்! - போக்கரின் 'ரீ-ரைஸ்' ரகசியம்

2007-ம் வருடம். நார்வே நாட்டின் சாண்ட்னஸ் நகரைச் சேர்ந்த அனெட் ஓப்ரெஸ்டாட் என்ற 18 வயதுப் பெண், ஆன்லைனில் ஒரு போக்கர் போட்டியில் உட்கார்ந்தார். நுழைவுக் கட்டணம் வெறும் 4 டாலர். மொத்தம் 180 பேர். போட்டியை அவர் ஜெயித்தது செய்தியே இல்லை. தனக்கு வந்த சீட்டுகளைப் பார்க்காமலே ஜெயித்தார் என்பதுதான் செய்தி. 'ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்' என்பது அவர் கணக்கு.

"இதிலென்ன அதிசயம்? எங்க ஊர்ல மூணு சீட்டுல பிளைண்டு ஆடுறதுதானே!" என்று யாராவது கேட்கலாம். மூணு சீட்டில் பார்க்காமல் ஆடுபவருக்குச் சலுகை உண்டு. சீட்டைப் பார்த்தவர் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். அனெட் ஆடிய 'ஹோல்டெம்' போக்கரில் அந்தச் சலுகை கிடையாது. பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் ஒரே ரேட்தான்.

அப்படியென்றால் எப்படி ஜெயித்தார்? எதிராளிகள் எப்போது பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்தார். பயப்படும் நேரமாகப் பார்த்து பந்தயத்தை ஏற்றினார். அதன் கூர்மையான வடிவம்தான் 'ரீ-ரைஸ்'.

ஹோல்டெம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிட அறிமுகம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துக் கொடுப்பார்கள். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் ஒரே சமயத்தில் திறக்கும் மூன்று சீட்டுக்கு 'ஃப்ளாப்' என்று பெயர். அந்த மூன்று விழுவதற்கு முன்பே ஒரு சுற்றுப் பந்தயம் நடக்கும். கையில் இரண்டு சீட்டு, மேஜையில் ஒன்றுமே இல்லை. நாம் பேசுவது அந்தச் சுற்றைப் பற்றித்தான்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டு வருவதற்கு முன்பே கட்டாயமாகக் காசு வைக்க வேண்டும். ஒருவர் 50, அடுத்தவர் 100 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் முதல் பந்தயம். யாரோ ஒருவர் அதை 300 ஆக்குகிறார். இது இரண்டாவது. நீங்கள் அதற்கும் மேலே போய் 900 வைக்கிறீர்கள். இது மூன்றாவது. அதனால்தான் ஆட்டக்காரர்கள் இதை 'த்ரீ-பெட்' என்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ரீ-ரைஸை நகைப் பெட்டி மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு ஏஸ் வந்தால் திறப்பார்கள், இரண்டு ராஜா வந்தால் திறப்பார்கள். மற்ற நேரம் பூட்டுதான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால், இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. ஜோடி ஏஸ், ஜோடி ராஜா, ஜோடி ராணி, ஏஸ்-ராஜா என்று பட்டியலைக் கொஞ்சம் நீட்டினாலும் 39 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். நேரில் ஆடும் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு 30 ஆட்டம் முடிந்தாலே பெரிது. நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவர் கட்டாயக் காசைக் கட்டிக் கட்டியே கரைந்து போவார். அதைவிட மோசம், இவர் காசை நீட்டினாலே 'ஓ, ஏஸ் வந்துவிட்டது' என்று மேஜையே எழுந்து ஓடிவிடும்.

இனி மாற்றுக் கணக்கு. மேலே சொன்ன உதாரணத்தில் நீங்கள் 900 வைக்கும்போது நடுவில் கிடப்பது 450. எதிராளி சீட்டைப் போட்டுவிட்டால் அந்த 450 உங்களுக்கு. மூன்று தடவை இப்படிச் செய்து இரண்டு தடவை எல்லோரும் ஒதுங்கினால் 900 லாபம். மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டு மொத்தமும் போனாலும் 900தான் நஷ்டம். சரிக்குச் சரி. அதாவது, மூன்றுக்கு இரண்டு முறைக்கு மேல் எதிராளி ஒதுங்குவார் என்று தெரிந்தால், கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதே முக்கியம் இல்லை. மாட்டிக்கொண்டாலும் உடனே தோல்வி என்று அர்த்தமில்லை. ஒரே ஜாதியில் ஏழும் ஆறும் வைத்திருப்பவர் ஏஸ்-ராஜாவை எதிர்த்து இறுதிவரை போனால்கூட, ஏறத்தாழ பத்தில் நான்கு தடவை ஜெயிப்பார்.

யாரை மிரட்டுவது என்பதில்தான் சூட்சுமம். எல்லோருக்கும் முன்பாகப் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்தும் துணிந்து 300 வைப்பவரிடம் நிஜமாகவே சரக்கு இருக்கும். அவரிடம் வாலாட்டக் கூடாது. எல்லோரும் ஒதுங்கிய பிறகு, கடைசி வரிசையில் இருந்துகொண்டு 300 வைப்பவர் பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடக்கும் கட்டாயக் காசைச் சுருட்டப் பார்க்கிறார். அவர்தான் குறி. சீட்டைப் பார்க்காமல் ஆடியதன் மூலம், உட்காரும் இடத்தையும் எதிரில் இருக்கும் ஆட்களையும் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டவே நினைத்ததாக அனெட் பின்னாளில் சொன்னார்.

சீட்டைப் பார்த்து ஆடுபவர்கள் பொய் மிரட்டலுக்கும் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஜாதி ஏஸும் ஐந்தும். ஏன் இந்தச் சோப்ளாங்கி ஐந்து? காரணம் ஏஸில் இருக்கிறது. ஒருவருக்கு ஜோடி ஏஸ் வர ஆறு வழிகள் உண்டு. ஒரு ஏஸ் உங்கள் கையில் இருந்தால் அது மூன்றாகக் குறைந்துவிடும். எதிராளி ஏஸ்-ராஜா வைத்திருக்கும் வழிகளும் 16-லிருந்து 12 ஆகும். உங்களைத் திருப்பி அடிக்கக்கூடிய சீட்டுகளில் ஒரு பகுதியை நீங்களே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐந்து எதற்கென்றால், ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசை சேர ஒரு வாய்ப்பு. இதைப் படித்தபோது எனக்குப் பழைய கிராமத்து ரம்மி ஞாபகம்தான் வந்தது. எதிராளிக்கு வேண்டிய சீட்டு என்று தெரிந்து அதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்து அழுத்தும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால், இந்த வித்தை ஓர் ஆளிடம் மட்டும் பலிக்காது. எதற்கும் சீட்டைப் போடாத ஆள்! 'என்னதான் வெச்சிருக்கே, பார்த்துடலாம்' என்று காசை நீட்டிக்கொண்டே இருப்பவரை எந்த ரீ-ரைஸும் அசைக்காது. மிரளத் தெரிந்தவரைத்தான் மிரட்ட முடியும். சின்னத் தொகை மேஜைகளில் புத்தகம் படித்த புத்திசாலிகள் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மிரளும் பக்கத்திலிருந்து எழுதியவர் மரியா கொன்னிகோவா. அமெரிக்க எழுத்தாளர், உளவியல் படித்தவர். ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல் போக்கருக்குள் வந்தார். எரிக் சைடல் என்ற ஜாம்பவானிடம் பாடம் கேட்டார். 2018-ல் ஒரு போட்டியில் ஜெயித்து 84,600 டாலர் வாங்கினார். அவருடைய 'தி பிக்கஸ்ட் பிளஃப்' 2020-ல் வந்தது. எதிரில் இருக்கும் ஆண் அழுத்தம் கொடுத்தால் ஒதுங்கிப் போவது, நல்ல பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது என்று வளர்ந்த விதமே மேஜையில் தன் பணத்தைக் காலி செய்ததை அவர் அதில் ஒளிக்காமல் சொல்கிறார். தொழில்நுட்பம் பேசும் எத்தனையோ போக்கர் புத்தகங்களைவிட எனக்கு இந்த ஒரு விஷயம் பெரிதாகப் பட்டது. அவருக்கு ரீ-ரைஸ் என்பது முதலில் கணக்குப் பாடம் இல்லை. 'இது என் இடம்' என்று சொல்லிப் பழகும் பாடம்.

அனெட்டுக்கு அந்தப் பிரச்னை இருந்ததாகத் தெரியவில்லை. 15 வயதில் இலவசப் போட்டிகளில் ஆரம்பித்தவர். கையிலிருந்து ஒரு காசுகூடப் போடாமல் வளர்ந்தார். அதே 2007 செப்டம்பரில் லண்டனில், உலகப் போக்கர் தொடரின் முதல் ஐரோப்பியப் போட்டி நடந்தது. நுழைவுக் கட்டணம் 10,000 பவுண்டு, 362 பேர். லாஸ் வேகாஸ் என்றால் 21 வயது ஆகாமல் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். லண்டனில் 18 போதும்.

கடைசி ஆட்டத்தில் எதிரில் ஜான் டபாடபாய். அனெட் கையில் ஜோடி ஏழு. எதிராளியிடம் ஆறும் ஐந்தும். மேஜையில் விழுந்தது ஏழு, ஆறு, ஐந்து. அவருக்கு இரண்டு ஜோடி, அனெட்டுக்கு மூன்று ஏழு. மொத்தப் பணமும் நடுவில் வந்தது. அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் மாட்டியிருப்பார்கள்தான். ஆனாலும், நாள் முழுக்க மிரட்டிக்கொண்டே இருப்பவர் நிஜமான சீட்டோடு வரும்போது அதை நம்பி ஒதுங்குவது இன்னும் கஷ்டம் என்றே நினைக்கிறேன். பரிசு 10 லட்சம் பவுண்டு. மறுநாள் அவருடைய 19-வது பிறந்தநாள்!

சீட்டைக் காட்டாமலே ஜெயிக்க முடிகிற ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வி நம் ஊர் நீதிமன்றம் வரை வந்தது. தமிழக அரசு 2022-ல் நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடமில்லாமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தது.

உயர் நீதிமன்றம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், திறமை ஆட்டம் என்றால், திறமை குறைந்தவர் ஆட ஆடத் தோற்பார் என்றுதானே அர்த்தம்? ரீ-ரைஸ் அந்தத் தோல்வியின் வேகத்தைக் கூட்டுகிறது. 300 ஒரு நொடியில் 900. பதிலுக்கு அவர் 2,200 என்பார். அடுத்து இருப்பது மொத்தமும். பொதுச் சீட்டு ஒன்றுகூடத் திறந்திருக்காது. தொழில்முறை ஆட்டக்காரருக்கு இது ஆயிரம் ஆட்டத்தில் ஓர் ஆட்டம். தோற்றால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பார். சம்பளக் காசோடு உட்கார்ந்தவர் அதைத் தன்மானப் பிரச்னையாக எடுத்துக்கொள்வார். 'என்னையே மிரட்டுறியா' என்று பதிலுக்கு ஏற்றுவார். அவரிடமிருந்துதான் மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள்.

அனெட், வருடங்கள் போகப் போக மேஜையை விட்டு விலகிவிட்டார். பிறகு யூடியூபில் மேக்கப் சேனல் தொடங்கி, ஐ-ஷேடோ போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.