கன்றுக் கழிச்சலும் கட்டுத்தரைச் சுகாதாரமும்

காங்கயம் இனத்துக் கன்று செந்நிறத்துடன் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்திற்கு மாறும் என்பதைக் கொங்கு நாட்டுக் குடியானவர் யாவரும் அறிவர். அந்நிறம் மாறுமுன்பே இறந்துபோகும் கன்றுகளிற் பல, கழிச்சல் கண்டு இறப்பவையே. பிழைத்தவையும் சில சமயம் வளர்ச்சி குன்றி, கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஜோடி சேராமல் நிற்கும். உழவுக்கும் கவலைக்கும் எருது வேண்டியிருந்த காலம் போய், இவ்வினமே சுருங்கிவிட்ட இந்நாளில், ஒவ்வொரு கன்றின் இழப்பும் முன்னிலும் பெரிய நஷ்டமாகும்.

பூனைக்குட்டி மண்ணைப் பறித்து மலங்கழித்து, அதனைத் தானே மூடிவிட்டு வேறிடத்திற் படுக்கும். கன்றுக்கு அவ்வியல்பு இல்லை. கழிந்த இடத்திலேயே படுக்கும். பசித்தால் அம்மண்ணையே நக்கும். அதே சேறு படிந்த தாயின் மடியைச் சப்பும். ஆகையால் பூனைக்குட்டி தனக்குத் தானே செய்துகொள்ளுவதைக் கன்றுக்கு அதனை வளர்ப்பவரே செய்தாக வேண்டும்.

கோடையில் கொறங்காட்டுப் பட்டிகளில் கழிச்சல் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. செஞ்சரளை மண்ணும் வெயிலும் சாணத்தை விரைவில் உலர்த்திவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டுத்தரை சேறாகும்போதே தொந்தரவு தொடங்குகிறது. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள், சாணத்தோடு வெளிவந்தவுடன் நோயை உண்டாக்க வல்லவை அல்ல. ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் சில நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும். நாள்தோறும் சாணத்தை அள்ளிவிட வேண்டுமென்பது இதனாலேயாம். பிறந்த சில நாட்களிலேயே கன்றைத் தாக்கும் வேறொரு வகை நுண்ணுயிர், சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அஞ்சுவதில்லை. உலர்ந்த தரையில் அழியும். பினாயிலைத் தெளித்துவிட்டுச் சேற்றை அப்படியே விட்டு வைப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

கன்றுக்கென மேட்டுப்பாங்கான தனியிடம் ஒதுக்கி, அதன்மேல் கூரையிடுதல் நலம். அடியில் மணலும் அதன்மேல் காய்ந்த வைக்கோல் அல்லது நிலக்கடலைப் பொட்டும் பரப்பலாம். நனைந்த படுக்கையை அன்றாடம் நீக்கி எருக்குழியிற் சேர்த்து, புதியதை இடவேண்டும். படுக்கை போதுமான அளவு உலர்ந்ததா என்பதை அறிய, அதன்மேல் சிறிது நேரம் முழந்தாளிட்டுப் பார்ப்பதே எளிய சோதனை. வேட்டியில் ஈரம் ஒட்டுமாயின் அது கன்றுக்கு ஆகாது. ஒரு கன்று நோயுற்ற இடத்தில் அடுத்த கன்றைக் கட்டாமல், அவ்விடத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பிட்டுச் சில வாரம் வெயிலில் விட்டுவைப்பது உத்தமம்.

கட்டுத்தரைக்கு அடுத்தபடி முக்கியமானது சீம்பால். நஞ்சுக்கொடி விழும் வரையில் கன்றை மடியில் விடலாகாது என்னும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. இது பெருந்தீங்கு. பசுவின் கருப்பையிலிருந்து நோயெதிர்ப்புச் சக்தி கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பாலின் வழியே மட்டும் கிடைக்கிறது. அதனைக் கிரகிக்கும் தன்மையும் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் கன்றின் குடலை விட்டு நீங்கிவிடும். எனவே பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் மடியைக் கழுவி ஊட்டவேண்டும். 20 கிலோ எடையுள்ள கன்று முதல் நாளில் சுமார் 2 லிட்டர் பருகுதல் வேண்டும். வீட்டார் சீம்பாற் கட்டி அவிக்க ஆசைப்படுவது இயற்கையே. கன்றின் பங்கு போக மிஞ்சியதில் அவிக்கட்டும்.

தாய் காலையில் கொழுக்கட்டைப் புல் மேயச் சென்று மாலையில் திரும்பும் வரை பட்டினி கிடக்கும் கன்று, ஒரே மூச்சில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் செரிமானத்தைக் கெடுக்கும். இளங்கன்றை நடுப்பகலில் ஒருமுறை ஊட்டுவிக்க வழி செய்யலாம்.

மஞ்சள் அல்லது வெண்ணிறமாய் நீர்போற் கழிவது பெரும்பாலும் முதலிரு வாரங்களில். மூன்று வாரத்திற்குப் பின் ரத்தமும் சளியும் காணின், முன் சொன்ன ரத்தக்கழிச்சலை ஐயுறலாம். வயிறு பானைபோல் உப்பி, களிமண் நிறத்தில் துர்நாற்றத்துடன் கழிவது உருண்டைப் புழுவின் குறி. இப்புழுவின் குஞ்சுகள் தாய்ப்பாலிலேயே கன்றுக்குச் செல்வதால், 10 முதல் 15 நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் புழு மருந்து கொடுக்கவேண்டும்.

காரணம் எதுவாயினும் கன்றைக் கொல்வது உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றுதலே. 1971-ஆம் வருஷம், வங்காள எல்லையிலிருந்த பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் போதாமற்போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து மக்கள் பலரைக் காத்தார். கன்றுக்கும் அம்முறையே பயன்படும். குளுக்கோஸ் உடனிருந்தால் குடல் உப்பை உள்ளிழுக்கும். உப்பின் பின்னே நீரும் செல்லும். வெல்லத்தையோ வீட்டுச் சர்க்கரையையோ கரைத்துக் கொடுத்தலாகாது; அவற்றைச் செரிக்கும் சத்து இளங்கன்றின் குடலில் இல்லாமையால் கழிச்சல் மிகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதிற் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரிற் கரைத்து, ஊட்டுதலுக்கு இடையே சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். பாலை அடியோடு நிறுத்துவது தவறு. அளவைக் குறைத்துப் பலமுறை ஊட்டினாற் போதும். மாதுளை ஓடு, வெந்தயம் முதலிய கைமருந்துகளைக் கொடுப்போர், அவற்றை நம்பி நீர் கொடுப்பதைத் தாமதிக்கலாகாது.

கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். படியாது நின்று, கண் குழிந்து, வாயும் காதும் குளிர்ந்து, சப்பும் வலிவும் போயிருக்குமாயின், வாயில் ஊற்றுவதால் பயனில்லை, புரையேறவும் கூடும். அப்போது நரம்பில் நீர் ஏற்றியாக வேண்டும். 1962 என்னும் எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

நோயுற்ற கன்றைப் பிரித்துக் கட்டி, மற்றவற்றைக் கவனித்த பின்னரே அதனிடம் செல்லவேண்டும். இக்கிருமிகளிற் சில மனிதருக்கும் தொற்றுமாதலால் சோப்பிட்டுக் கைகழுவுதலும், குழந்தைகளை விலக்குதலும் அவசியம். ஒரே வாரத்தில் ஓர் ஊரிற் பல கன்றுகள் கழியக் கண்டால், கிராம அதிகாரிகள் தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இறந்த கன்றை ஓடையிலோ கிளுவை வேலியோரத்திலோ எறியாமல், கிணற்றுக்கு எட்டத்தில், நாய் தோண்டாத ஆழத்திற் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் செய்தல் வேண்டும்.